கதவு, வாளி, கண்ணாடி

பத்து நிமிடம் தருவார்கள். தலையில் அடி என்று நடுவர் சைகை காட்டிவிட்டால் பத்தே நிமிடம். அதற்குள் டாக்டர் கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் திரும்ப மைதானத்துக்குள் ஓடலாம், சொல்லாவிட்டால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேசைமேல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கடிகாரத்தில் எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒன்பது நாற்பது. ஒன்பது முப்பத்தெட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் கத்துகிறது. இது நைரோபி. முதலில் கேட்பது இதைத்தான், எந்த ஊர் என்று, அதனால் நைரோபி, நைரோபி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். இன்று சனிக்கிழமை. மூன்றாவது ரக்பி டெஸ்ட், கடைசி டெஸ்ட். முதலாவது கென்யாவுக்கு, இரண்டாவது இலங்கைக்கு, இன்று வெல்பவனுக்குத் தொடர். நான் லோகிதன், ஏழாம் நம்பர், பந்தோடு ஓடி வருகிறவனை விழுத்துவது என் வேலை. அம்மா செத்துப் பதினொரு நாள். எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. அவனை விழுத்தத்தான் போனேன், அவன் இடுப்பு என் இடது காதுக்கு மேலே வந்து இடித்தது, பக்கத்து வீட்டில் யாரோ அலுமாரியை அறைந்து சாத்தின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு புல். புல்லில் முகம். எழுந்து நின்று நம் ஆட்கள் பக்கம் நடந்தேன், எங்கள் அணியின் துலாஜ் வந்து தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது நான் அவர்களுடைய ஆட்கள் பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன் என்று. அதை நடுவரும் பார்த்துவிட்டார். அந்த ஆறு அடியை நான் நடக்காமல் இருந்திருந்தால் இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கதவோரம் நிஸ்தார் நானா நிற்கிறார், எங்கள் அணியின் பிசியோ, அக்குறணைக்காரர், அங்கே அண்ணனை நானா என்பார்கள். கையில் ஐஸ் பை. அவர் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர் கென்யாக்காரப் பெண், எந்தப் பக்கமும் சேராதவர், கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில், அவருக்கும் எனக்கும் மட்டும்தான். "எந்த மைதானம்?" சொன்னேன். "முதல் பாதியா, இரண்டாம் பாதியா?" இரண்டாம் பாதி. "கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்?" அது எனக்குத் தெரியாது, உண்மையாகவே தெரியாது, ஆனால் உள்ளே கூட்டிக்கொண்டு வரும்போது ஸ்கோர் பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன், அவர்கள் பதினெட்டு, நாங்கள் பதினாறு, ஹாஃப் டைமில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். "கென்யா" என்றேன். டாக்டர் தாளில் ஒரு சரி போட்டார். இந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் கிளப்பில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது. அந்த மனிதருக்கு இப்போது தன் வீட்டுக்குப் போகும் சந்தே சில நாள் மறந்துபோகிறதாம், அது வேறு கதை. அவர் சொன்னது இதுதான். பயணத்துக்கு முன்னால், தலை நன்றாக இருக்கும்போது ஒரு பரீட்சை வைப்பார்கள், பத்துச் சொல் வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், அதில் கெட்டிக்காரனாக இருந்துவிடாதே, நாலு சொல்லோடு நிறுத்து, முழி. அப்போதுதான் நாளைக்கு அடிபட்டு நாலு சொன்னாலும், இவன் எப்போதும் இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். நான் நாலோடு நிறுத்தினேன். இருபத்தேழு வயதில், நல்ல புத்தியோடு, மடையனாக நடித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவன் நான். அதோடு விட்டேனா, சொற்பட்டியல்கள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் பாடமும் ஆக்கிவிட்டேன்.

அம்மாவை மட்டும் ஏமாற்றுவது இவ்வளவு சுலபமில்லை. அம்மா கண்டி ஆஸ்பத்திரியில் அட்டெண்டன், இருபத்திரண்டு வருடம், அதில் பாதி விபத்து வார்டில். மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தவர்களை, தலையில் கட்டோடு கிடப்பவர்களை, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியவள். நான் ரக்பி ஆடுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஸ்கூலில் ரக்பி ஆடுகிறவனுக்கு ராத்திரிச் சாப்பாடு உண்டு என்பதால் விட்டாள், அப்புறம் நான் நின்றால்தானே. மேட்ச் முடிந்ததும் எங்கே இருந்தாலும் நான் அவளுக்குப் போன் எடுக்க வேண்டும். வென்றாயா தோற்றாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "காலையில என்னா சாப்பிட்ட, சொல்லு பாப்பம்" என்பாள், எடுத்ததுமே. எதற்கம்மா இது என்று சலித்துக்கொண்டால், "பேர் கேட்டா சொல்லிருவானுங்க, ஊர் கேட்டா சொல்லிருவானுங்கடா, காலையில என்னா சாப்பிட்டன்னு கேட்டாத்தான் முழிப்பானுங்க. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்" என்பாள். அவள் பரீட்சையிலும் நான் களவு செய்திருக்கிறேன். போன வருடம் ஒரு கிளப் மேட்சில் அடிபட்டு எனக்கு உண்மையாகவே காலைச் சாப்பாடு ஞாபகம் வரவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு துலாஜைப் பார்த்தேன், அவன் பக்கத்தில் குனிந்து சிங்களத்தில் முணுமுணுத்தான், நான் தமிழில், "இடியாப்பம்மா, கிரி ஹொதி, சம்பல்" என்றேன். பால் சொதி என்று மாற்றத் தோன்றவில்லை, அவன் சொன்ன சிங்களச் சொல் அப்படியே வந்துவிட்டது. "சரி, வை" என்றாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பயணத்துக்குப் புறப்படும் முன்னால், "ஒன் தலையப் பாக்குற ஆளு யாரு, அவரு நம்பரக் குடு" என்று கேட்டு நிஸ்தார் நானாவின் நம்பரை வாங்கி, காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். அந்த நம்பருக்குத்தான் அக்கா, அம்மா செத்த அந்தச் செவ்வாய்க்கிழமை எடுத்தாள். நான் ஜிம்மில் இருந்தேன், போன் அறையில் கிடந்தது. நிஸ்தார் நானா மாடிப்படி ஏறி வந்து நின்றபோது மூச்சு வாங்கியது, என் முழங்கால் பிளாஸ்டரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று காலை நீட்டிக் காட்டினேன்.

"இப்போது பத்துச் சொற்கள் வாசிப்பேன், நான் முடித்ததும் திருப்பிச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். எட்டு நிமிடம் பத்து. கதவு, வாளி, கண்ணாடி, குடை என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மூன்றாவது பட்டியல். இதை நான் கண்டியில் மஹியாவை என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் வைத்துப் பாடமாக்கியிருந்தேன். சொற்களை வரிசையாகத் தெரிந்த இடத்தில் வைத்தால் மறக்காது என்று படித்திருந்தேன், எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த இடம் அந்த ஒன்றரை அறைதான். கதவு, நீலம், தாழ்ப்பாள் போனது. கதவுக்குப் பின்னால் மழை ஒழுகும் இடத்தில் வாளி. வாளிக்கு மேலே கண்ணாடி, ஒரு மூலை உடைந்தது, அதற்கு முன்னால் நின்றுதான் அம்மா பொட்டு வைப்பாள். பக்கத்து ஆணியில் குடை. குடையைத் தாண்டினால் நாற்காலி. நாற்காலி ஐந்தாவது. அந்த நாற்காலியில்தான் செவ்வாய்க்கிழமை காலை டியூட்டிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், பக்கத்து வீட்டு ஆள் முச்சக்கர வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் பாடமாக்கும்போது அது வெறும் நாற்காலி. "கதவு, வாளி, கண்ணாடி, குடை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன், முழித்தேன். நாலு. போன தடவையும் நாலு, இப்போதும் நாலு, கணக்குச் சரி. டாக்டர் குறித்துக்கொண்டார். நிஸ்தார் நானா ஐஸ் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் குமட்டுகிறது, விளக்கு கண்ணைக் குத்துகிறது, அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

"மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லுங்கள்." டிசம்பர், நவம்பர், ஒக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட், ஜூலை. ஜூலையில் நின்றுவிட்டேன். இது ஜூலை. ஜூலையில் இந்த ஊர் நுவரெலியா மாதிரிக் குளிர்கிறது, ஹோட்டல் பால்கனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றுதான் அந்த வியாழக்கிழமை போனில் பார்த்தேன், அக்கா வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார், பெட்டி, பூ, யாருடைய முதுகோ, மறுபடி பெட்டி, சுடலைக்குத் திரும்பும் இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது, ஒரு கறுப்புக் குடையின் பாதியோடு. மேனேஜர் நல்ல மனிதர், "டிக்கெட் போட்டுத் தருகிறோம் லோகி, இன்று இரவே போ" என்றார், "ஆனால் போனால் திரும்பி வர நேரம் இருக்காது." அக்கா போனில் அழவில்லை. "வாரதுன்னா வா, வராட்டி வரலன்னு சொல்லு, இப்பவே சொல்லுடா, பொட்டிய எத்தன நாளைக்கு வச்சிருக்க ஏலும்" என்றாள். "ஆடிட்டு வாரேன்க்கா" என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரியைப் பதினொரு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா இதற்குத்தான் ஆசைப்பட்டிருப்பாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன், பத்திரிகைக்காரன் ஒருவனுக்கும் சொன்னேன், பச்சைப் பொய். நான்தான் ஆசைப்பட்டேன். ஏழு வருடம் கிளப்பில் ஆடி, இரண்டு தடவை தேர்வில் கழிபட்டு, முதல் முறையாக இலங்கை அணியின் அந்த ஜெர்சியைப் போட்டிருக்கிறேன், கழற்ற மனமில்லை. அதனால் இன்றைக்கு நான் திரும்ப உள்ளே போயாக வேண்டும். கடைசி விசில் வரைக்கும் நின்று, வென்று, அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்து, இதற்குத்தான்க்கா என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். இந்தப் பெஞ்சிலேயே எல்லாம் முடிந்துபோனால் நான் எதற்காக வீட்டுக்குப் போகாமல் இருந்தேன்? "ஜூலை" என்று டாக்டர் எடுத்துக் கொடுக்கிறார். ஜூன், என்றேன். ஜூனில் அம்மா இருக்கிறாள். மே. மே மாதம் வெசாக் பண்டிகை விளக்குகள் பார்க்கப் போனோம், கால் வலிக்கிறதென்று வாவிக்கரைச் சுவரில் உட்கார்ந்து பட்டாணிக் கடலை தின்றாள். ஏப்ரல், மார்ச். சொல்லச் சொல்ல லேசாக இருந்தது. பெப்ரவரி, ஜனவரி என்று முடித்தபோது நான் சிரித்திருக்க வேண்டும், டாக்டரும் சிரித்தார்.

தரையில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கோட்டில் குதிக்காலும் விரலும் தொட நடக்கச் சொன்னார். நடந்தேன். கோடு கொஞ்சம் அசைந்தது, நான் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சத்தம், யாரோ ட்ரை போட்டுப் புள்ளி எடுத்துவிட்டார்கள், நாங்களா அவர்களா தெரியவில்லை, நிஸ்தார் நானா கதவு இடைவெளியால் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் திரும்பிக்கொண்டார். நாலு நிமிடம் இருபது. திரும்பி நடக்கும்போது கோடு எங்கள் வீட்டு வாசல் சிமெந்து மாதிரியே இருந்தது, விரிசல் விழுந்த இடத்தில் கால் வைக்காமல் தாண்டிப் பழகியவன் நான், இங்கேயும் ஒரு இடத்தில் தாண்டினேன், டாக்டர் புருவத்தைத் தூக்கினார், ஆனால் குறிக்கவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். கண்டியில் இப்போது ஏழு மணியாகப் போகிறது. டியூட்டி முடிந்து வந்து குளித்திருப்பாள்.

"முதலில் வாசித்த சொற்களில் இப்போது நினைவிருப்பதைச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். நாலோடு நிறுத்த வேண்டும், அது தெரியும், நாலு இல்லாவிட்டால் மூன்று, மூன்று இன்னும் நல்லது. கதவு, என்றேன். தள்ளினதும் திறந்தது, தாழ்ப்பாள்தான் இல்லையே. வாளி. பாதி நிறைந்திருக்கிறது, மழை பெய்திருக்கிறது போல. கண்ணாடி. குடை. குடை நனைந்திருக்கிறது, நுனியிலிருந்து சொட்டுகிறது, அப்படியென்றால் இப்போதுதான் வந்திருக்கிறாள். இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். குடை சொட்டுகிற வீட்டுக்குள் வந்துவிட்டு யாராவது வாசலோடு திரும்பிப் போவார்களா? நாற்காலி, என்றேன். நாற்காலியில் டியூட்டி உடுப்பு மடித்துப் போட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. கடிதம். டீவிக்குக் கீழே, நான் ஜெர்சிக்குத் தேர்வானதாக வந்த கடிதம், எத்தனை தடவை சொன்னாலும் பிரித்துப் பார்க்க மாட்டாள், ஆனால் தூசு தட்டி வைப்பாள். தேசிக்காய், குசினி ஜன்னலில், சம்பலுக்குப் பாதி வெட்டிப் பிழிந்தது. ஊசி, காலண்டரில் குத்தியிருக்கிறது, நூலோடு. சவர்க்காரம், என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகிறது, சவர்க்காரம் ஈரமாக இருக்கிறது, வாசம் அடிக்கிறது, உள்ளே சாமித் தட்டில் விளக்கு ஏற்றியாயிற்று, முதுகு தெரிகிறது, ஈரத் தலைமுடியை முடிந்துகொண்டு நிற்கிறாள், வலது கையில். "மணி" என்றேன். ஆட்டினாள். நல்ல சத்தம். நான் வந்தது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை, சாமிக்குக் காட்டி முடியும் வரைக்கும் அப்படித்தான், இரு வாறேன் என்று முதுகாலேயே சொல்வாள்.

டாக்டர் தாளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "பத்து" என்றார். "வாசித்த உடனே கேட்டபோது நாலு. போன மாதம் அடியே படாதபோதும் நாலு. இப்போது பத்தும், ஒழுங்கு வரிசையில்." வசமாக மாட்டிக்கொண்டேன். இந்த மாதிரி ஒரு பிழையை எவன் விடுவான், தோற்க வேண்டிய பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தவன். ஆனால் எனக்கு வெட்கமாகவோ பயமாகவோ இல்லை, அதுதான் வேடிக்கை, மனசு முழுக்க அந்தச் சவர்க்கார வாசம். இரண்டு நிமிடம் நாற்பது. டாக்டர் பேனாவைத் தாளின்மேல் குறுக்கே வைத்துவிட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, தாளை விடுவோம். இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களும் அதையே கேட்கிறீர்களா டாக்டர்? எங்கள் அம்மாவும் இதைத்தான் கேட்பாள், ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும். அவளும் ஆஸ்பத்திரியில்தான் வேலை. இன்னும் அரை மணித்தியாலத்தில் நான் போன் எடுப்பேன், எடுத்ததும் முதல் கேள்வி இதுதான், பாருங்கள்." டாக்டரும் சிரித்துவிட்டார். "உங்கள் அம்மா கெட்டிக்காரி. அவருக்குச் சொல்லப் போவதை எனக்கும் சொல்லுங்கள்." நான் வழக்கம்போல் பக்கத்தில் பார்த்தேன், யாராவது முணுமுணுப்பார்கள் என்று. துலாஜ் இல்லை. நிஸ்தார் நானாதான் நின்றார். அவர் சிரிக்கவில்லை. ஐஸ் பை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அதை எடுக்கவும் இல்லை.

அவர் வாயைத் திறக்கக் கூடாது, அது சட்டம், ஆனால் டாக்டர் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார், ஒரு வசனம்தான். டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பேனாவை எடுத்து மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். நிஸ்தார் நானா என் முன்னால் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேறோடு என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். "என்ன நானா செய்றீங்க? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. நான் போகணும். நான் பத்தும் சொன்னேன்தானே" என்றேன். அவர் நிமிரவில்லை. "தம்பி" என்றார், "அம்மா மௌத்தாகி இன்டைக்குப் பதினொரு நாள்." பதினொன்று. அந்த எண்ணை எனக்குத் தெரியும். இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் நானே சொல்லிப் பார்த்துக்கொண்ட எண், ஊரோடும் கிழமையோடும் சேர்த்து, ஒழுங்காக. கதவுக்கும் மணிக்கும் நடுவில் எங்கேயோ கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மறுபடியும் உள்ளே போய்ப் பார்க்கிறேன், கதவு இருக்கிறது, வாளி இருக்கிறது, குடை காய்ந்துபோயிருக்கிறது, நாற்காலியில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் அங்கே இல்லை. வியாழக்கிழமையும் நான் அங்கே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை வராத அழுகை இப்போது வந்தது, எச்சிலோடு, அந்நிய ஊர் டாக்டர் முன்னால் ஆறடி ஆள் தோள் குலுங்க அழுதேன், அழ அழத் தலை வெடித்துவிடும் போல வலித்தது. மேசைமேல் கடிகாரம் ஐம்பத்தொன்று, ஐம்பது என்று எனக்காக இன்னமும் எண்ணிக்கொண்டிருந்தது. டாக்டர் எழுந்து போய் அதை நிறுத்தினார். வெளியே மறுபடி ஒரு சத்தம் எழுந்து அடங்கியது, யார் என்று நான் கேட்கவில்லை. இடது சப்பாத்து கழன்று தரையில் இருந்தது. அப்போதுதான் அது வந்தது, யாரும் எடுத்துக் கொடுக்காமல், தானாக, ஹோட்டல் மேசை, வெள்ளைத் தட்டு, துலாஜ் எனக்குத் தள்ளிவிட்ட வாழைப்பழம். "பாணும் முட்டையும்மா" என்றேன். "ஒரு வாழைப்பழம்." என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். நிஸ்தார் நானா வலது சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.